இரண்டு மணிப் பிள்ளை

சித்திரை வெயில் ஏறி மத்தியானம் இரண்டு மணியானால் என்னால் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை. கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எழும்பி, வீட்டின் தென்மேற்கு மூலை அறைக்குப் போய், மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். அந்த அறையில் இப்போது ஒருவரும் படுப்பதில்லை. தேங்காயும் பழைய பெட்டிகளும்தான் கிடக்கின்றன. தேங்காய்க்கு வெக்கை பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன? ஆனாலும் கை போகிறது. இந்த வருத்தத்தை எனக்குத் தொற்றவைத்துவிட்டுப் போனவள் ஒருத்தி. பேர் சொல்லமாட்டேன். சொன்னால் கீரிமலையிலிருந்து போன் வரும். அவளிடம் பேச்சு வாங்க எனக்கு இப்போது தென்பில்லை. எங்கள் ஒழுங்கை வீடுகளில் அவளுக்கு இரண்டு மணிப் பிள்ளை என்று பட்டம். வைத்தது நான்தான், அதுவும் எரிச்சலில்.

அவளுக்குத் தொழில் வீட்டுக்குப் பிளான் கீறிக் கொடுப்பது. கொக்குவில் ஸ்ரேசனடியில், போட்டோப் பிரதி எடுக்கிற கடைக்குப் பின்னால் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டிருந்தாள். வயது முப்பதுக்கு மேலே இருக்கும். மெலிந்த உடம்பு. ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு திரிவாள். கழுத்துக்குப் பின்னால் நனைத்த லேஞ்சித் துணி ஒன்று எந்நேரமும் கிடக்கும். மற்றப் பிளான் கீறுகிறவர்கள் காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோதான் வீடு கட்டப்போகிற வளவைப் பார்க்க வருவார்கள். இவள் வருவது சரியாக இரண்டு மணிக்கு, மனிதர் சோற்றைத் தின்றுவிட்டுச் சரிகிற நேரத்தில். அந்த நேரம் எங்கள் ஒழுங்கையில் நாய்கூடக் குரைக்காது.

தபால் கந்தோர் வேலையை நேரத்தோடே விட்டுவிட்டு நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அப்பாவுக்குப் பாரிசவாதம். வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போய், ஆம் என்பதற்கான ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. ஓம். பசிக்குதோ என்றால் ஓம். பசிக்கேல்லையோ என்றாலும் ஓம். வந்து பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். கனடாவில் இருக்கிற தம்பி, அப்பா கண்மூடுவதற்கு முதல் ஒரு நல்ல வீட்டில் இருக்கவேண்டும் என்று சொல்லி, பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டப் படம் அனுப்பினான். அவன் அங்கே பார்த்து ஆசைப்பட்ட வீடு. தட்டையான கொங்கிறீற் கூரை. மேற்கே நிலத்திலிருந்து கூரை வரை கண்ணாடி. அங்கே ஆறு மாதம் பனி, வெயிலை வா வா என்று வீட்டுக்குள் கூப்பிடுகிற ஊர். இது அப்போது எனக்கு எங்கே தோன்றியது? படத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அதை எடுத்துக்கொண்டு அவளுடைய மேசைக்குப் போனேன். வீட்டுக்கு மூத்தவர் கன்னிமூலையில், அதாவது தென்மேற்கு மூலையில் படுக்கவேண்டும் என்று வாஸ்து பார்த்தவர் சொல்லியிருந்தார். அந்த அறையைப் பென்சில் நுனியால் தொட்டுக் கேட்டாள்.

"அக்கா, மத்தியானம் ரெண்டு மணிக்கு இந்த அறையிலை ஆர் இருப்பினம்?"

"அப்பா."

"வேறை?"

"வேறை ஆர்? அப்பாதான். அவர் எழும்ப ஏலாத ஆள்."

பென்சிலை மேசையில் வைத்துவிட்டாள்.

"அப்ப இந்தக் கண்ணாடி வேண்டாம் அக்கா."

"கன்னிமூலை பிழை எண்டு சொல்லுறீரோ?"

"மூலை பிழையில்லை. சோளகக் காத்து அந்தப் பக்கத்தாலைதான் வரும். திறக்கிற யன்னலா வைச்சு, தாவாரத்தை நல்லா இறக்கி, மேலை ஓடு போட்டால் வீட்டிலை நல்ல அறை அதுதான். நீங்கள் கேக்கிறது திறக்க ஏலாத கண்ணாடி. வெயில் உள்ளுக்கை வரும், வெக்கை வெளியிலை போகாது. கொங்கிறீற் பகல் முழுக்கச் சூட்டைக் குடிச்சுப்போட்டு இரவு முழுக்கக் கக்கும்."

"ஏசி போடப்போறம் பிள்ளை."

"ஓம் அக்கா" என்றாள். அந்த ஓமும் அப்பாவின் ஓமும் ஒன்று. அதை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது.

அன்று பின்னேரம் தம்பியிடம் சொன்னேன். "உந்தப் பிள்ளை எந்தக் காலத்திலை நிக்குது? ஏசி போடுற வீட்டுக்கு எல்லாம் இறுக்கமா இருக்கவேணும் அக்கா, ஒரு ஓட்டையும் விடக்கூடாது" என்றான். அவன் சொன்னால் எனக்கு வேதவாக்கு. அவள் கடைசியில் நாங்கள் கேட்டபடியே கீறித் தந்தாள். ஆனால் அப்பாவின் அறையில், கண்ணாடி போக மிச்சமிருந்த மேற்குச் சுவரிலும் அதற்கு எதிர்ச் சுவரிலும், கூரைக்கு ஒரு முழம் கீழே, வரிசையாக ஓட்டைக்கல் வைத்திருந்தாள். சூடான காற்று மேலே ஏறும், ஏறினால் போக வழி வேண்டும் என்றாள். "நீங்கள் மற்றது எல்லாத்தையும் மாத்துங்கோ. இதை மட்டும் அடைக்காதேங்கோ அக்கா." கெஞ்சுகிற மாதிரித்தான் கேட்டாள்.

சுவர் எழும்பத் தொடங்கியதும் இரண்டு மணி வரத்தும் தொடங்கியது. வருவாள், குடையைச் சாத்திவைப்பாள், சுவரில் கை வைப்பாள், எண்ணுகிற மாதிரி வாய்க்குள் ஏதோ சொல்லுவாள், போய்விடுவாள். கூரைக் கொங்கிறீற் போட்டு இறுகிய பிறகு ஒருநாள், கட்டில் வரப்போகிற இடத்தில் வெறும் நிலத்தில் மல்லாந்து படுத்துவிட்டாள். சுவர் கட்டிய மேசன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

"பிளான் கீற வந்தவவோ, படுக்க வந்தவவோ?"

அவள் எழும்பவில்லை. "அண்ணை, படுக்கையிலை கிடக்கிற ஆளுக்கு நிலம் தெரியாது. கூரைதான் தெரியும். அவருக்குத் தெரியப்போறதை ஒருக்கா நானும் பாக்கிறன்" என்றாள். எழும்பியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மேசன் பிறகு அவளைப் பகிடி பண்ணவில்லை.

ஆனால் ஊர் விட்டுவைக்குமா? அடுத்த ஒழுங்கையில் ஒரு புது வீட்டுக் குடிபூரலுக்கு நானும் அவளும் போயிருந்தோம். எல்லாரும் பந்தியில் இருக்க, இவள் அறையறையாகப் போய்ச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள். வீட்டுக்காரியின் மகள் பிள்ளைப்பெறுக்கு வந்திருந்தாள்.

"பிள்ளைக்கு ஏணை எங்கை கட்டப்போறியள்?" என்று கேட்டாள் இவள்.

"இந்த அறையிலைதான்."

"இதிலை வேண்டாம். ரெண்டு மணிக்கு ஒருக்கா வந்து நிண்டு பாருங்கோ, விளங்கும்."

வீட்டுக்காரியின் முகம் கறுத்துவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக இப்படி வாய் வைக்கிறாளே, இவள் சொன்னால் பலித்துவிடும் என்று குசினிக்குள் அடுப்படியில் கதை நடந்தது. எனக்கும் அந்தப் பயம் தொற்றிவிட்டது. அன்றிலிருந்து அவள் எங்கள் படலையைத் திறந்தாலே அந்தரப்படுவேன். வராதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. அப்போதுதான் அந்தப் பட்டத்தை வைத்தேன். பட்டம் வைத்தால் பயம் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேனோ என்னவோ.

நாங்கள் குடிபூர்ந்த கிழமை ஏசி பூட்டுகிறவர் வந்து ஓட்டைக்கற்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். காற்றை வெளியே அனுப்பிவிட்டு ஏசியை எதற்குப் போடுகிறீர்கள் என்றார். மேசனைக் கூப்பிட்டு, இரண்டு வரிசையையும் சீமெந்தால் அடைக்கச் சொன்னேன். ஆம், நான்தான் சொன்னேன். தம்பியுமில்லை, வாஸ்து பார்த்தவருமில்லை. மறுநாள் இரண்டு மணிக்கு வந்தவள் ஈரம் காயாத பூச்சை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். சண்டை பிடிப்பாள் என்று நான் பதில்களை அடுக்கி வைத்திருந்தேன்.

"கரண்ட் நிண்டால்?" என்று மட்டும் கேட்டாள். தாழ்ந்த குரல்.

"உதென்ன கதை? கரண்ட் நிண்டால் ஜெனரேற்றர் இருக்கு."

"ஓம் அக்கா" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தாள்.

பிறகு வந்தது நாட்டில் டொலர் இல்லாமல் போன, எல்லாருக்கும் தெரிந்த வருஷம். சமையல் காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. ஜெனரேற்றர் பின் விறாந்தையில் சீலை மூடிக் கிடந்தது, ஊற்ற எண்ணெய் இல்லை. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று அறிவிப்பார்கள், ஆனால் சொன்னபடி வராது. அவள் மறுபடியும் வரத் தொடங்கினாள். வீட்டு வேலை முடிந்து மாதக்கணக்காகிவிட்டது, அவளுக்கு எங்கள் வீட்டில் ஒரு அலுவலும் இல்லை. வருவாள். மேற்குச் சுவரில் கை வைப்பாள். அதே கையை அப்பாவின் நெற்றியில் வைப்பாள். போவாள்.

"நீர் என்ன, மருத்துவிச்சியோ?" என்று ஒருநாள் கடித்தேன்.

"இல்லை அக்கா. மனம் கேக்கேல்லை" என்றாள்.

எனக்கு அது பெரிய அரியண்டமாக, தொல்லையாக இருந்தது. வெக்கையாக இருக்கிறதா என்று நானும் கேட்காமலா இருந்தேன்? காலையும் மாலையும் கேட்டேன். அப்பா ஓம் என்றார். வெக்கை இல்லையே என்று கேட்டேன். அதற்கும் ஓம் என்றார். எனக்குப் பிடித்த ஓமை நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த நாள் விடியவே கரண்ட் போய்விட்டது. இலை அசையவில்லை, சோளகம் எழும்ப இன்னும் நாள் இருந்தது. அப்பாவுக்குக் கஞ்சி பருக்கி, கண்ணாடிக்குச் சீலையை இழுத்துவிட்டேன். நித்திரையாகிவிட்டார். நான் பின்னால் விறகை வைத்து ஊதிக்கொண்டிருந்தேன். படலைச் சத்தம் கேட்டது. நேரத்தைப் பார்க்கத் தேவையில்லை.

நான் கை துடைத்துக்கொண்டு உள்ளே போனபோது அவள் சுவரில் வைத்த கையை வெடுக்கென்று எடுத்தாள். பிறகு அப்பாவின் நெற்றியில் வைத்தாள். அங்கே வைத்த கையை எடுக்கவில்லை.

"அக்கா, ஐயாவுக்கு வேர்க்கேல்லை."

"நல்லதுதானே" என்றேன். அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே அடிக்கலாம் போலிருக்கிறது.

"நல்லதில்லை. இந்தச் சூட்டுக்கை வேர்க்காட்டில் நல்லதில்லை அக்கா." குனிந்து அவருடைய காதுக்குள் கேட்டாள். "ஐயா, நான் கதைக்கிறது கேக்குதோ?"

அப்பா ஓம் என்று சொல்லவில்லை.

எதைக் கேட்டாலும் வருகிற அந்தச் சொல் வரவில்லை.  "மெத்தையின்ரை அந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ" என்று அவள் அதட்டினாள். மெத்தையோடு இழுத்து வடக்குப் பக்க விறாந்தைக்குக் கொண்டுவந்தோம். கிணற்றுத் தண்ணீரில் என் சீலை இரண்டைத் தோய்த்து அவரைச் சுற்றினாள், கக்கத்துக்குள்ளும் கழுத்திலும் ஈரத் துணி வைத்தாள், பிளான் சுருளை எடுத்து விசிறிக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்சுக்குச் சொன்னதும் அவள்தான். நான் வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளினேன், அப்பா, அப்பா என்று கத்திக்கொண்டு. பெரியாஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்டது, இவரை நனைத்தது யார் என்றுதான். நனைத்திராவிட்டால் இங்கே கொண்டுவந்தும் பயனில்லை என்றார்.

வார்ட்டில் நாலு நாள். மூன்றாம் நாள் காலையில் "அப்பா, தண்ணி வேணுமோ?" என்று கேட்டேன். "ஓம்" என்றார். வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தம்பி போனில் என்ன அக்கா, என்ன அக்கா என்று பதறினான். "உன்ரை கண்ணாடி வீட்டுக்கை நீயே வந்து கிடந்து பார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பாவம், அவனும் அப்பாவுக்கு நல்லதைத்தான் நினைத்தான். அடைக்கச் சொன்னவள் நான்.

வீட்டுக்குத் திரும்பியபோது கன்னிமூலை அறைக்குள் வெளிச்சம் கோடு கோடாக விழுந்திருந்தது. நாங்கள் இல்லாத நேரம் பார்த்து, மேசனைப் பிடித்து, அலவாங்கால் அடைப்பை உடைத்துவிட்டிருந்தாள். மேற்குச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி, கண்ணாடியையும் மறைத்து, தென்னங்கிடுகு கட்டிய தட்டி நின்றது. கூரைக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்பு. ஒரு சொல் என்னைக் கேட்கவில்லை. அப்பாவை வடக்கு அறையில் படுக்கவைத்தோம்.

அதற்குப் பிறகு அவள் இரண்டு மணிக்கு வந்தால் கை வைத்துவிட்டுப் போவதில்லை, மூன்றரை வரை அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து விசிறுவாள். என்ன கொடுத்தாலும் வாங்கமாட்டாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டுவிட்டேன் என்பாள். எனக்கும் ரோசம் இருக்கிறதுதானே? அவள் இங்கே இருக்கிற நேரம் பார்த்து, கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு பை நிறையப் போட்டுக்கொண்டு, அவளுடைய அம்மாவிடம் கொடுத்துவிட்டு வருவோம் என்று சைக்கிளில் வெளிக்கிட்டேன்.

தாயும் மகளும் வாடகைக்கு இருந்தது ஒரு பெரிய வீட்டின் பின்பக்கம் இறக்கிய ஒற்றை அறை. கைக்கு எட்டுகிற உயரத்தில் அஸ்பெஸ்ரஸ் கூரை. மேற்கே வெறும் சுவர், யன்னல் ஒன்றே ஒன்று, அதில் நனைத்த சாக்குத் தொங்கியது. உள்ளே கதிரையில் ஒரு அம்மா, வீங்கிய இரண்டு காலையும் பேசின் தண்ணீருக்குள் வைத்தபடி இருந்தார்.

"அவ இல்லைப் பிள்ளை. ரெண்டு மணிக்கு அவ ஒருநாளும் வீட்டிலை நிக்கமாட்டா."

"ஏனம்மா?"

"ஒண்டரைக்குச் சாக்கை நனைச்சுப்போட்டு, என்ரை காலைத் தண்ணிக்கை வைச்சுப்போட்டு வெளிக்கிட்டிடுவா. 'நான் இருந்து பாத்துக்கொண்டிருக்க ஏலாதம்மா' எண்டுவா. வீட்டுக்காரர் வெளிநாட்டிலை. சுவரிலை ஓட்டை போட விடமாட்டினம், கூரையிலை ஏறவும் விடமாட்டினம். பூசணி படர விட்டவ, அதையும் வந்து வெட்டிப்போட்டினம்."

நான் எழும்பி மேற்குச் சுவரில் கையை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன். எங்கள் சுவர் இதற்குப் பக்கத்தில் ஒன்றுமேயில்லை. யாரோ பெற்ற தகப்பனுக்கு அங்கே ஒருத்தி விசிறிக்கொண்டிருக்கிறாள், பெற்றவள் இங்கே பேசினுக்குள் காலை வைத்துக்கொண்டு இருக்கிறாள். சாக்கை இரண்டுதரம் நனைத்தேன். அந்த அம்மாவின் நெற்றியை ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் தொட்டுப் பார்த்தேன். "நீரும் அவ மாதிரித்தான்" என்று சிரித்தார். வெயில் சரிந்த பிறகுதான் என்னால் அங்கிருந்து கிளம்ப முடிந்தது.

வீட்டுக்கு வந்த கோபத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதுவரை நீர், வாரும், இரும் என்று மரியாதையாகக் கதைத்தவள், அன்றைக்குத்தான் முதன்முதலாக நீ என்றேன்.

"உனக்கு விசரோ? பெத்த தாயை அந்த அடுப்புக்கை வைச்சுப்போட்டு இங்கை வந்து என்ன செய்யிறாய்?"

அவள் விசிறியை நிறுத்தவில்லை.

"அங்கை என்னாலை ஒண்டும் செய்ய ஏலாது அக்கா. உங்கடை வீட்டிலை உடைக்க ஏலும்."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாம்தானே?"

"நீங்கள் அப்ப சுவரை அடைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."

செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தேன். வேறு வீடு தேடிக்கொண்டிருக்கிறாள், அம்மாவுக்குப் படி ஏற முடியாது, கிடைக்கிறது எல்லாம் இதே மாதிரி அறை என்றாள். குரல் உடையவில்லை. விசிறி மட்டும் கொஞ்சம் வேகமாக அசைந்தது.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முதல் போனேன். ஓட்டோ இல்லை, பெற்றோல் இல்லை. அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, நான் ஹாண்டிலைப் பிடித்துத் தள்ள, அவள் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். "என்னைச் சாமி மாதிரிச் சுத்திக் காட்டுறியளோ?" என்றார் அம்மா. எனக்குச் சிரிக்கப் பயமாக இருந்தது, சைக்கிள் சரிந்தால் என்ன செய்வது? மழை பிறந்து அவர்கள் கீரிமலைப் பக்கம் விறாந்தை வைத்த வீடொன்று பிடித்துப் போகும்வரை இருவரும் எங்களோடுதான் இருந்தார்கள்.

வந்த முதல் நாள் மத்தியானமும் கரண்ட் இல்லை. வடக்கு அறையில் அப்பா, வாசலுக்கு நேரே விறாந்தையில் அம்மா. இரண்டு மணிக்கு அவள் எழும்பினாள். மேற்குச் சுவரைத் தொட்டாள். அப்பாவைத் தொட்டாள். அம்மாவைத் தொட்டாள். மறுபடியும் சுவருக்குப் போனாள். எங்கேயாவது வெளிக்கிட்டுவிடுவாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போக இடமில்லாத ஆளைப்போலக் கொஞ்ச நேரம் நடுவில் நின்றாள். பிறகு அப்பாவின் அறை வாசலில் வெறும் சீமெந்து நிலத்தில் இருந்தாள். இருந்தவள் சரிந்தாள். அப்படியே நித்திரையாகிவிட்டாள்.

 ஓடிப்போய்க் குனிந்து நெற்றியைத் தொட்டேன். நன்றாக வேர்த்திருந்தது. கழுத்திலும் வேர்வை. அந்த ஈரத்தை என் கையில் பார்த்துக்கொண்டு நான் அங்கேயே இருந்துவிட்டேன்.

அப்பா முழித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"சத்தம் போடாதேங்கோ அப்பா. பிள்ளை படுக்குது" என்றேன்.

"ஓம்" என்றார். அது சரியான ஓம்.